குண்டுவீச்சு விமான நேவிகேட்டர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதும் முறை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் மாண்டனர். உயிர்பிழைத்து, அதன்பின் படையிலேயே நீடித்து ஓய்வுபெற்ற ஒரு நேவிகேட்டரை, அதாவது விமானத்தின் வழியைக் கணித்துச் சொல்பவரை, பற்றி எழுத முனைவோர், விமானியின் கதையைப் போலவே அதையும் தொடங்கிவிடுகிறார்கள். அது பிசகு. லங்காஸ்டர் விமானத்தில் நேவிகேட்டர் திரைச்சீலைக்குப் பின்னே, சிறு விளக்கொளியில், வரைபடத்தின் மேல் குனிந்தபடி பல மணி நேரம் அமர்ந்திருந்தவர். திரையை விலக்கி எட்டிப் பார்த்தாலன்றி எரியும் நகரம் அவர் கண்ணில் பட்டிருக்காது. ஆகவே அவர் எழுதிவைத்த எண்களிலிருந்துதான் அவரை மீட்டெடுக்க வேண்டும்.

முதலில் குடும்பத்தாரிடம் லாக்புக்கை, அதாவது அவருடைய பறப்புப் பதிவேட்டை, கேளுங்கள். நாள், விமானம், விமானியின் பெயர், தமது பணி, பறந்த நேரம் என்று நிரல்நிரலாக எழுதப்பட்ட அந்தப் பதிவேட்டில், இரவுத் தாக்குதல்களைச் சிவப்பு மையிலும் பகல் தாக்குதல்களைப் பச்சை மையிலும் குறிப்பது வழக்கம். எனவே கறுப்பு வெள்ளை நகலை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். 'டி.என்.சி.ஓ.' என்றிருந்தால் இட்ட பணி நிறைவேறவில்லை என்று பொருள். இந்த லாக்புக்கையும், ஒவ்வொரு பறப்பின்போதும் தனியே எழுதி, திரும்பியதும் ஒப்படைக்கப்பட்ட வழிக்கணக்குத் தாளையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது. அந்தத் தாள் கிடைத்தால் அது பெரும் பேறு. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தைக் குறித்தார்கள். ஆறு நிமிடம் ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு என்பதால் கணக்கு எளிதாக முடியும். அந்த வரிசையில் எங்கே இடைவெளி விழுகிறது, எங்கே கையெழுத்து கோணுகிறது என்று பார்த்தால், எந்தப் பேட்டியும் தராத செய்தி கிடைக்கும்.

அடுத்து, அவர் எந்த ஆண்டில் பறந்தார் என்பதை உறுதி செய்யுங்கள், ஏனெனில் வேலையின் தன்மையே ஆண்டுக்கு ஆண்டு மாறியது. 1942 வரை 'அப்சர்வர்' என்ற பெயரில் ஒருவரே வழியும் கணித்துக் குண்டும் குறிபார்த்தார். பின்னரே இரண்டும் பிரிந்தன. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதன் ஐந்து மைல் தொலைவுக்குள் சென்றது என்று, குண்டுவீச்சின் துல்லியத்தை ஆராய்ந்த பட் அறிக்கை 1941 ஆகஸ்டில் காட்டியது. 1942 மார்ச்சில் இருப்பிடத்தைக் கணிக்க உதவும் 'ஜீ' என்னும் வானொலிக் கருவி வந்தது. சில மாதங்களிலேயே ஜெர்மானியர் அதைக் குழப்பத் தொடங்கினர். 1943 ஜனவரியில் கீழேயுள்ள நிலத்தைத் திரையில் காட்டும் 'எச்2எஸ்' ரேடார் வந்தது. இவற்றுக்குப் பிறகும் காற்று அவர்களைக் கைவிட்டது: 1944 மார்ச் 24 இரவு பெர்லினுக்குச் சென்ற படையை எதிர்பாராத வேக வாடைக்காற்று தெற்கே சிதறடிக்க, 72 விமானங்கள் திரும்பவில்லை. உங்கள் ஆள் அன்றிரவு பறந்திருந்தால் அதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள்.

லாக்புக்கை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏர் 27' வரிசையோடு ஒப்பிடுங்கள். ஸ்குவாட்ரன்கள் எனப்படும் விமானப் படைப்பிரிவுகளின் நடவடிக்கைப் பதிவேடுகள் அங்கே உள்ளன. 540-ஆம் படிவம் நாள்தோறும் நடந்தவற்றின் சுருக்கம். 541-ஆம் படிவத்தில் விமானவாரியாகக் குழுவினர் பெயரும் புறப்பட்ட, இறங்கிய நேரமும் இருக்கும். இரவில் புறப்பட்டு விடிகாலையில் இறங்கியவர்களுக்கு ஒரே தாக்குதல் இரண்டு தேதிகளில் தென்படலாம். அதை இரண்டாக எண்ணினால், முப்பது தாக்குதல் கொண்ட முதல் பணிச்சுற்றின் கணக்கு குளறுபடியாகும்.

போருக்குப் பிந்தைய பகுதிதான் பலரும் ஒரு பத்தியில் கடந்துவிடுவது. பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் அதிகாரி நியமனம், பதவி உயர்வு, ஓய்வு ஆகியவை வெளிவந்துள்ளன. சாதாரண வீரராகச் சேர்ந்து அதிகாரியானவருக்குப் புதிய படை எண் தரப்பட்டதால் அவருக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துத் தேடினால் பாதி வாழ்க்கை கிடைக்காது. போர்க்காலத் தற்காலிகப் பதவி பின்னர் குறைந்திருந்தால், தண்டனை என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். லாக்புக்கில் 1950-களின் பக்கங்களில் வேலியண்ட், வல்கன், விக்டர் என்ற பெயர்கள் வந்தால் அவர் அணுகுண்டு விமானங்களில் பறந்திருக்கிறார்; அவற்றில் இரு விமானிகளுக்கு மட்டுமே ஆபத்தில் ஆளோடு வெளியே பாயும் வெளியேற்றும் இருக்கை இருந்தது, பின்னால் அமர்ந்த நேவிகேட்டர்களுக்கு இல்லை. அவருடைய மனைவியோ மக்களோ இருந்தால், இது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.