பாசிக்குடாவில் ஒரு நாள்: கடல் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்

மட்டக்களப்பு மாவட்டக் கடற்கரையான பாசிக்குடாவுக்குப் போகும் பலருடைய நாள் இப்படித்தான் நகரும். பத்து மணிக்கு வந்து இறங்குவது, ஒரு குளிப்பு, கோழிக்கறியோடு சோறு, பிறகு பின்னேரம் மூன்று மணிபோல "வள்ளத்தில ஒருக்கா போய் வருவம்" என்று கிளம்புவது. அந்த நேரத்துக்குக் காற்று எழும்பியிருக்கும், நீர் கலங்கியிருக்கும், வயிறும் நிறைந்திருக்கும். முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கப் போனவர்கள் வள்ள விளிம்பில் தலையைத் தொங்கவிட்டபடி திரும்புவார்கள். செலவு அதே செலவுதான். வரிசையைத் திருப்பிப் போட்டால் நாளே வேறாகிவிடும்: முதலில் மாஸ்க் பழக்கம், அடுத்து வள்ளமும் ஸ்நோர்க்கலிங்கும் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டு மிதந்தபடி நீருக்குள் பார்ப்பது), அதன் பிறகு சாப்பாடு, கடைசியில் ஆறுதலாகக் குளிப்பு.

எந்த மாதம், எந்தக் காற்று

ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடை அடித்து, அலை உயர்ந்து, வாவிகளின் வண்டல் கடலில் கலந்துவிடும். அப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினாலும் உங்கள் கைவிரலைத்தான் பார்க்கலாம். நல்ல மாதத்திலும் இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வாழைச்சேனை வாவி பக்கத்திலேயே கடலில் விழுகிறது.

ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் வீசும். (கொறிக்கிற கச்சான் இல்லை, தரைப்பக்கமிருந்து வரும் சூட்டுக் காற்று.) கரையில் நின்று பார்த்தால் கச்சான் காலத்துக் கடல் குளம்போலத் தெரியும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கிப் போவதால் கரையோரத்தில் அலை எழாது. அந்த அமைதிதான் ஆளை ஏமாற்றும். காற்றடைத்த டியூப், மிதக்கும் மெத்தை, பந்து எல்லாவற்றையும் அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். பிள்ளை டியூபில் இருந்தால் பிள்ளையையும்தான். மிதப்பவை எதையும் கச்சான் நாளில் கடலில் இறக்க வேண்டாம். இறக்கியே ஆக வேண்டுமென்றால் கயிற்றின் மறுமுனை, கரையில் நிற்கும் பெரியவர் ஒருவரின் கையில் இருக்கட்டும்.

முதல் நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு முன்னறிவிப்பைப் பாருங்கள். தமிழிலும் வருகிறது. மட்டக்களப்பு உள்ளடங்கும் கடற்பரப்புக்குக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் என்றால் போகலாம். 30 முதல் 40 என்றால் கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். 50 என்ற எண் எங்காவது தென்பட்டால் வள்ளத்தை மறந்துவிடுங்கள்.

புறப்பாடு

மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடா ஏறத்தாழ 35 கிலோமீட்டர். திருகோணமலை வீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கிரான் தாண்டி, கும்புறுமூலைச் சந்தியில் கடற்பக்கம் திரும்ப வேண்டும். வான் வண்டியில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பஸ்ஸில் போகிறவர்கள் வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். கல்முனைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டக்களப்புக்கே சுமார் 40 கிலோமீட்டர் இருப்பதால், அவர்கள் விடிய நாலரைக்கே கிளம்ப வேண்டும். அம்பாறைக்காரர் சிலர் "அறுகம்பை கிட்டத்தானே" என்று கேட்பதுண்டு. அது அலைச்சறுக்கலுக்குப் பேர்போன கடல். முருகைக்கல் பார்க்க அங்கே போவதில் அர்த்தமில்லை.

மட்டக்களப்பிலிருந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் கடற்கரையில் நிற்கலாம். அதற்கு முன்னே நீருக்குள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வெயில் சாய்வாக விழும்போது நீருக்குள் வெளிச்சம் போதாது. எட்டிலிருந்து பத்து வரைதான் பொன்னான நேரம். போயா (பௌர்ணமி விடுமுறை) தினமும் ஞாயிறும் கூட்டம் நெரியும், ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் இன்னும் மோசம். வாரநாள் கிடைத்தால் விடாதீர்கள்.

காலையில் வாழைப்பழம், பணிஸ், வெறுந்தேத்தண்ணி போதும். இடியப்பமும் சொதியும் வள்ளத்தால் இறங்கிய பிறகு. கடல் தலைசுற்றுக்கு மாத்திரை போடுகிறவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டு வேலையில்லை. அது நித்திரை வரவைக்கும், ஆகவே வாகனம் ஓட்டுகிறவர் போடக்கூடாது.

தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர். பிளாஸ்க் இரண்டு: ஒன்றில் தேத்தண்ணி, மற்றதில் வெறும் சுடுதண்ணி. இரண்டாவது ஏன் என்பது கீழே வரும்.

உடுப்பு

உடம்பு முழுக்க மூடிக் குளிப்பது நம் ஊர் வழக்கம். வெயிலுக்கும் அதுதான் நல்லது. ஆனால் துணி எது என்பது முக்கியம். நனைந்த பருத்திச் சல்வாரும் அபாயாவும் கனத்து, காலைச் சுற்றி, நீந்தத் தெரிந்தவரையே இழுத்துவிடும். நைலோன் கலந்த நீளக் கை மேற்சட்டையும் இறுக்கமான நீளக் காற்சட்டையும் உடம்பை மூடும், நீரையும் வைத்திருக்காது. சால், தாவணி, நீளமான முந்தானை எதுவும் வள்ளத்துக்குள் வரக்கூடாது. எஞ்சின் விசிறியில் துணி சுற்றினால் எஞ்சின் நிற்பதற்குள் துணியை உடுத்திருப்பவர் இழுபட்டுவிடுவார். தலைமறைப்பு தேவையானவர்கள் முனை தொங்காத, இறுக்கமான தொப்பி வகையை உடுத்தலாம்.

குப்புற மிதக்கும்போது வெயில் விழுவது பின்கழுத்திலும் கெண்டைக்காலிலும். பெரும்பாலானவர்கள் முகத்துக்கு மட்டும் கிறீம் பூசிவிட்டு, இரவு குப்புறப் படுக்கிறார்கள்.

மாஸ்க்: இதில் அவசரப்பட வேண்டாம்

வாடகை மாஸ்க்கைக் கையில் வாங்கியதும் பட்டியை முன்னால் தள்ளிவிட்டு, மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டி நின்றால் அளவு சரி. விழுந்தால் வேறு கேளுங்கள். பட்டியை இறுக்கி எந்த மாஸ்க்கையும் பொருத்திவிடலாம் என்பது பிழையான எண்ணம். இறுக்க இறுக்க ரப்பர் ஓரம் மடிந்து அந்த மடிப்பால்தான் நீர் வரும்.

நீர் வருவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ரப்பருக்கு அடியில் மாட்டிய ஒரு கற்றை முடி. நெற்றி முடியை விரலால் ஒதுக்கிவிடுங்கள். மற்றது மீசை. மீசை வைத்தவர்கள் மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலின் தடவினால் ஓரளவுக்கு அடைபடும். முற்றாக அடைபடாது, அதற்காக மீசையை எடுக்கச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை.

கண்ணாடி புகை படிந்தால் உட்பக்கத்தில் துப்பி, விரலால் தேய்த்து, கடல்நீரில் ஒருமுறை அலசுங்கள். அருவருப்பானவர்கள் ஒரு துளி பேபி ஷாம்பு விடலாம். புது மாஸ்க் என்றால் வீட்டிலேயே பற்பசை போட்டு இரண்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆலையிலிருந்து வரும் மெல்லிய படலம் போகும்வரை எதைப் பூசினாலும் புகைதான்.

முழு முகத்தையும் மூடும் மாஸ்க் பார்க்க வசதிபோல இருக்கும். மலிவான வகைகளில் வெளிவிட்ட மூச்சு உள்ளேயே தேங்கித் தலை கனக்கலாம். நீர் புகுந்தால் பட்டியைக் கழற்றி முழுவதையும் எடுத்தால்தான் மூச்சு. முதல்முறைக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது வேண்டாம்.

பழக்கத்தை முழங்கால் நீரில் தொடங்குங்கள். குழாயின் ரப்பரைப் பல்லால் மெல்லக் கவ்வி, உதட்டால் மூடி, முட்டுக்காலில் நின்றபடி முகத்தை மட்டும் நீருக்குள் வையுங்கள். மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவதே முறை. முதல் ஒரு நிமிடம் நெஞ்சு படபடக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். 20 மூச்சு தடங்கலின்றிப் போனதும் குழாயை வேண்டுமென்றே நீருக்குள் அமிழ்த்தி, "தூ" என்று ஒரே ஊதலில் நீரை மேலே தள்ளிப் பழகுங்கள். அதன்பின் முதல் மூச்சைக் கொஞ்சமாகவே இழுங்கள், அடியில் மிச்ச நீர் கிடக்கும். இதை ஐந்து தரம் சரியாகச் செய்ய முடியாதவர் அன்றைக்கு வள்ளத்தில் இருந்தபடியே பார்க்கட்டும். அடியில் கண்ணாடி பொருத்திய வள்ளங்களும் பாசிக்குடாவில் ஓடுகின்றன, அது ஒன்றும் குறைவில்லை. இதய நோய், இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கும் அதுவே நல்லது.

வள்ளம் பேசுவது

குடாவின் உட்பகுதி மணல். பார்க்க அதிகம் இல்லை. முருகைக்கல் இருப்பது குடாவின் வாயிலும் இரு முனைகளிலும். குடாவுக்குள் அலையே இல்லாமல் வைத்திருப்பதும் அந்தக் கல்தான். ஆகவே வள்ளம் தேவை.

ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுங்கள். "தம்பி, இது ஒராளுக்கா, முழு வள்ளத்துக்குமா? எத்தனை நிமிசம்? மாஸ்க்கும் ஜாக்கெட்டும் இதுக்குள்ளயா?" கடைசிக் கேள்வி முக்கியம்: "நாங்க இறங்கினதும் நீங்க பக்கத்தில நிப்பீங்களா?" சிலர் இறக்கிவிட்டு அடுத்த கூட்டத்தை ஏற்றப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட வள்ளம் இலவசம் என்றாலும் வேண்டாம்.

18 முதல் 20 அடி ஃபைபர் வள்ளத்தில் ஓட்டுபவரைத் தவிர 6 பேருக்கு மேல் ஏறாதீர்கள். எல்லோரும் ஏறிய பிறகு விளிம்பு நீர்மட்டத்திலிருந்து ஒரு முழம் உயரமாவது இருக்க வேண்டும். உயிர்காப்பு ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது மட்டத்துக்கு ஏறிவந்தால் அது நீருக்குள் உங்களைக் காப்பாற்றாது, முகத்தைத்தான் மூடும். பக்கப் பட்டிகளை இறுக்குங்கள். பிள்ளைகளுக்குக் கவட்டுப் பட்டி உள்ள ஜாக்கெட் மட்டுமே. பெரியவரின் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டுவதும் மாட்டாமல் விடுவதும் ஒன்றுதான்.

நீரில் இறங்குவதும் ஏறுவதும் எஞ்சின் நின்ற பிறகு, பக்கவாட்டால். நங்கூரம் மணலில் விழ வேண்டும், கல்லில் அல்ல. கல்லில் விழும் நங்கூரம் முருகைக்கல்லை உடைக்கும். சில வேளை இடுக்கில் சிக்கிக் கயிற்றையே அறுக்க வைக்கும்.

கல்லின் மேல்

இருவர் இருவராக இருங்கள். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் தலையைத் தூக்கி வள்ளம் எங்கே என்று கவனிக்கட்டும். போகும்போது காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராகப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே உங்களை வள்ளத்துக்குக் கொண்டுவரும். மாறிச் செய்தவர்கள்தான் கை காட்டிக் கூப்பிடுகிறார்கள். அரை மணி நேரம் ஒரு தடவைக்குப் போதும். கீழே மூழ்கிப் பார்க்க ஆசைப்பட்டு வேகவேகமாகப் பல தடவை மூச்சிழுத்துவிட்டு இறங்க வேண்டாம். மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும்.

கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், வரிவரியான சிறுமீன் கூட்டம் எல்லாம் தென்படும். கூடவே சாம்பல் நிறமாய் உடைந்து கிடக்கும் செத்த கல்லும் தெரியும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறியதில் இலங்கைக் கரையோரத்து முருகைக்கல் பெருமளவில் வெளிறியது. உயிரோடிருப்பதில் கால் ஊன்றி நிற்காதீர்கள். ஒரு துண்டையும் பொறுக்கி வராதீர்கள், அது சட்டப்படி குற்றம். இன்னும் நல்ல கல் பார்க்க விரும்புகிறவர்கள் வாகரைப் பக்கம் காயங்கேணிக்குப் போகலாம். அது 2019இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், விதிகளும் இறுக்கம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல் ஹேர்மிஸைக் காட்டுவதாக யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அது 50 மீட்டருக்கும் கீழே, பயிற்சி பெற்ற சுழியோடிகளின் இடம்.

கரையில்

பத்து மணிக்குச் சாப்பாடு. பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழல். மூன்றரைக்கு மேல் குளிப்பு. பாசிக்குடாவில் வெகுதூரம் இடுப்பளவு நீரில் நடக்கலாம் என்பது உண்மை. அதனால்தான் பிள்ளைகள் தங்களை அறியாமல் வள்ளங்கள் ஓடும் பாதைக்குப் போய்விடுகிறார்கள். உயிர்காப்பாளர் நிற்கும் பகுதிக்குள்ளேயே இருங்கள். பக்கத்திலுள்ள கல்குடா ஆளரவமற்று அழகாக இருக்கும். ஆனால் அது திறந்த கடல், ஆழமும் சீக்கிரம் வரும். அங்கே நடக்கலாம், படம் எடுக்கலாம். குடித்துவிட்டுக் குளிப்பதை இரண்டு இடத்திலும் அனுமதிக்காதீர்கள்.

ஆழம் குறைந்த மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும்.

இப்போது அந்த இரண்டாவது பிளாஸ்க். திருக்கையோ கல்மீனோ குத்தினாலும், கல் இடுக்கில் கறுப்பு முள்ளுப் பந்துபோல் இருக்கும் கடல் முள்ளெலியில் மிதித்தாலும், நஞ்சின் வலியைக் குறைப்பது சூடுதான். சுடுதண்ணியோடு பச்சைத் தண்ணி கலந்து, குத்துப்படாத ஒருவர் முழங்கையால் பொறுக்குமா என்று பார்த்த பிறகு, காயத்தை 30 நிமிடத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வையுங்கள். வலிக்கிறவருக்குச் சூடு சரியாகத் தெரியாது, அவரைக் கேட்டுக் கலந்தால் தோல் வெந்துவிடும். ஆழமாக முறிந்த முள்ளை ஊசியால் தோண்ட வேண்டாம். சொறி (ஜெலி மீன்) பட்டால் கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் நூல்களைச் சாவணத்தால் மெல்ல எடுத்துவிட்டு அதே சூட்டு வைத்தியம். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மணலால் தேய்த்தாலோ எரிவு கூடும்.

முருகைக்கல் கீறல் சின்னதாகத் தெரிந்தாலும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே தங்கும் துகள்தான் நாலாம் நாள் சீழ் பிடிக்க வைக்கும். திருக்கை, கல்மீன் குத்து, மூச்சுத் திணறல், நீர் குடித்து மயங்கியது எதுவானாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. நீர் குடித்தவர் எழுந்து உட்கார்ந்து "ஒண்டுமில்ல" என்று சொன்னாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டலாம்.