உப்பனாற்றுக்காகப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1980களில் கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து குடிக்காடு, ஈச்சங்காடு பக்கத்து மக்கள் ஆலைக் கழிவு கலக்கும் உப்பனாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குரலுக்குக் குறைவில்லை. பேசியதில் பாதி எந்தக் காகிதத்திலும் ஏறாமல் போகிறது என்பதுதான் எனக்குள்ள ஆதங்கம்.

ஆலைக்கு அனுமதி தருமுன் ஊர் மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில்தான் அதிகம் இழக்கிறோம். கோபத்தில் ஊரே சேர்ந்து வெளிநடப்பு செய்வது நியாயமாகத் தோன்றும். ஆனால் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. நாம் எழுந்து போனாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. நம் எதிர்ப்பு மட்டும் அதில் இருக்காது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் ஆலையின் தாக்கம் பற்றிய வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் பார்வைக்கு இருக்கும். அதைப் படிக்காமல் மைக்கைப் பிடிப்பது அடுத்த தவறு.

படிக்கும்போது இரண்டு இடங்களை விடாதீர்கள்: தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், கழிவுநீர் எங்கே போகிறது. அப்புறம், ஆய்வு எந்த மாதங்களில் நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் மழையில்லாத ஒரு பருவத்தின் தரவுதான் இருக்கும். 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்தில், வடகிழக்குப் பருவமழையில் ஆலை வளாகத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று அறிக்கை சொல்லவில்லையென்றால், அந்த ஒரு கேள்வியே ஒரு மணி நேர முழக்கத்தைவிட வலுவானது. அதை எழுதியும் கொடுங்கள். கடைசியில் கூட்டக் குறிப்பைத் தமிழில் வாசிப்பார்கள். அதுவரை இருந்து, நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

எல்லா ஆலைக்கும் கருத்துக்கேட்பு நடக்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தொழிற்பேட்டைக்குள் வரும் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கைகொடுப்பது 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆலைக்கு என்னென்ன நிபந்தனைகளோடு இசைவு தரப்பட்டது என்ற பதிவேட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்படுபவர் அதைப் பார்வையிடலாம். இந்த உரிமையைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்.

மீன் செத்து மிதந்தால் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துத் தனியார் ஆய்வகத்துக்கு ஓடுவோம். அந்த முடிவு நமக்கு ஒரு தடயம், அவ்வளவுதான். நீர்ச் சட்டப்படி வழக்கில் நிற்பது, வாரியம் முறைப்படி எடுத்துப் பிரித்து முத்திரையிட்ட தண்ணீர் மாதிரிதான். ஆகவே முதல் போன் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் போகட்டும், உடனே எழுத்திலும் புகார் போகட்டும். உப்பனாற்றில் கடல்நீர் ஏறி இறங்குவதால் கழிவு சில மணி நேரத்தில் கலைந்துவிடும். இடம், நேரம், நீர் ஏறும் பொழுதா வடியும் பொழுதா என்று குறித்துப் படம் எடுங்கள். அதோடு, நெய்வேலிப் பக்கமிருந்து வரும் பரவனாறும் இதில் கலப்பதால், எந்த இடத்தில் பார்த்தோம் என்று சொல்லாத புகாரைத் தட்டிக்கழிப்பது சுலபம்.

கெடுவைத் தவறவிடுவதும் நடக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு கதவு சாத்தப்படும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கத்துக்காரர்கள் கடலூர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அங்கே பொறுப்பு புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு. தீர்ப்பாயம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் சென்னை அமர்வுதான்.

கிராம சபையில் 'ஆற்றைக் காக்க வேண்டும்' என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் யாருக்கும் எந்தக் கட்டாயமும் வராது. சர்வே எண், வாய்க்கால் பெயர், எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, நகலைக் கையோடு வாங்குங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம்.

இன்னொன்று, ஆலையில் வேலை பார்ப்பவர்களைத் திட்டாதீர்கள். அவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் தெரிவதும் அவர்களுக்குத்தான். அவர்கள் சொன்ன தகவலை மனுவில் எழுதலாம். சொன்னவர் பெயர் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரக் கூடாது.