நாடித்துடிப்பின் சீரை வீட்டிலேயே கவனிப்பது எப்படி

மும்பையின் மாதுங்கா ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் என் தந்தை இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கிய அன்று, வீட்டு பிரஷர் கருவி நாடித்துடிப்பு 84 என்று காட்டியதால், வயதின் களைப்பென்று விட்டுவிட்டோம். சில நாள் கழித்து மணிக்கட்டில் விரல் வைத்தபோதுதான், இரண்டு துடிப்புகள் நெருங்கி வருவதும், பிறகு ஓர் இடைவெளி விழுவதும், அடுத்த துடிப்பு தொட்டும் தொடாமலும் போவதும் தெரிந்தன.

நாடி பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்லப் பதியுங்கள். உங்கள் கட்டைவிரலால் தொட வேண்டாம். அதன் துடிப்பே உங்களை ஏமாற்றிவிடும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது சீரற்ற நாடிக்கு உதவாது என்பதால், முழு 60 நொடியும் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணும்போதே காலால் தாளம் போட்டுப் பாருங்கள். அடுத்த துடிப்பு எப்போது விழும் என்று கணிக்கவே முடியாவிட்டால் ஈசிஜி எடுத்தாக வேண்டும். எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவது பலருக்கும் உண்டு.

இதயம் இரு துடிப்புகளுக்கு இடையிலுள்ள ஓய்வில்தான் இரத்தத்தால் நிரம்புகிறது. அந்த ஓய்வு குறுகினால், பாதி நிரம்பிய கீழறை சுருங்கி, மணிக்கட்டை எட்டாத அளவுக்குச் சிறிய அலையை அனுப்புகிறது. அதனால் மார்பில் கேட்கும் துடிப்புகள் நாடியில் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் கோளாறில் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால், கீழறையை நிரப்பும் கடைசித் தள்ளல் இல்லாமல் போகிறது. நெடுநாள் பிரஷரால் இறுகிய இதயங்களுக்கு இந்த இழப்பு பெரிது, மூச்சிரைப்பும் அசதியும் அதனால்தான். அதைவிட அஞ்சத்தக்கது, இடது மேலறையின் ஓரப்பையில் தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்குவது. வேகமான துடிப்பு பல வாரம் நீடித்தால் இதயத்தசையே தளர்ந்துவிடும். துடிப்பு மிகவும் குறைந்தாலோ, நிமிடத்துக்கு வெளியேறும் இரத்தம் போதாமல் தலைசுற்றலும் மயக்கமும் வரும்.

நாடி சீரற்றிருக்கும்போதே ஈசிஜி எடுப்பது நல்லது. பரேலிலும் சயானிலும் உள்ள மாநகராட்சி மருத்துவமனைகளுக்கு, தேதியும் நேரமும் எழுதிய தாளோடு செல்லுங்கள். வந்து வந்து மறையும் கோளாறென்றால் சிறு கருவியை உடலில் அணிந்து நாள் முழுதும் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் 24 மணி நேர ஹோல்டர் பரிசோதனை தேவைப்படலாம். மார்புவலி, மயக்கம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

என் தந்தைக்கு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பல் பிடுங்கப் போகும்போதும் இதை நாமாக நிறுத்தக் கூடாது. பல் மருத்துவரிடம் முன்னதாகச் சொல்லி, இதய மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.