தங்கம் போன ஊரில் நினைவுகளை அரித்தெடுப்பது எப்படி

கோலாலம்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் உண்டு. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பிறந்து வளர்ந்தவரிடம் விசாரித்தாலும், "அப்பா ரவுப் பக்கம்", "பாட்டி வீடு பெந்தோங் தாண்டி" என்று பேச்சு தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்துவிடும். பஹாங் மாநிலத்து ரவுப் இன்று டுரியானுக்குப் பேர் போன ஊர். ஆனால் அது பிறந்தது தங்கத்தால். அந்தப் பழைய ஊரை நினைவில் வைத்திருப்போர் குறைந்துகொண்டே வருகின்றனர். அவர்களிடமிருந்து முறையாகக் கேட்டு எழுதிவைக்க விரும்புவோருக்காக, சில ஆண்டுகளாக நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

யாரையும் பார்க்கப் போவதற்கு முன் ஊரின் எலும்புக்கூட்டையாவது மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ரவுப், மேற்கே தித்திவங்சாவுக்கும் கிழக்கே பெனோம் மலைக்கும் நடுவில் கிடக்கிறது. துலாங் என்னும் மரத்தட்டில் மணலை அள்ளி அலசினால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கை அள்ளும் அளவு தங்கம் கிடைத்ததாம். கையால் அள்ளுவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே ஊர்ப் பெயராயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1888இல் பஹாங்கிற்கு ஆங்கிலேய ரெசிடெண்ட் (ஆலோசகர் என்ற பெயரில் ஆட்சியைக் கவனித்த அதிகாரி) வந்தார். மறு ஆண்டே வில்லியம் பிபி என்பவரின் முயற்சியில் ரவுப் ஆஸ்திரேலியச் சிண்டிகேட் உருவாகி, பின்னர் அது ரவுப் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கக் கம்பெனி ஆனது. புக்கிட் கோமான் அதன் முக்கியமான சுரங்க இடங்களில் ஒன்று. 1900இல் அக்கம்பெனி செம்பாம் ஆற்றுநீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தது. மலாயாவின் முதல் நீர்மின் நிலையம் அதுதான். (அதற்கு ஆறாண்டு முன்பே, 1894இல், ரவாங் ஈயச் சுரங்கத்தில் சீனத் தொழிலதிபர் லோக் இயூவோடு சேர்ந்து மின்சாரத்தைப் பயன்படுத்தியவர் நம் தம்புசாமிப் பிள்ளை. பத்துமலைக் கோயிலோடு மட்டும் அவரை நினைப்பது அவருக்குச் செய்யும் குறை என்பது என் எண்ணம்.) ஜப்பானியர் காலம், அதன்பின் காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளை எதிர்த்து 1948இல் தொடங்கிய அவசரகாலம் ஆகியவற்றினூடே பழைய சுரங்கத்தொழில் தளர்ந்தது. 2009இல் புக்கிட் கோமானில் சயனைடு முறையில் தங்கம் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியபோது, ஊர் மக்கள் எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றனர். எனவே அங்கே "சுரங்கம்" என்று நீங்கள் சொன்னால், எதிரில் இருப்பவர் எந்தக் காலத்துச் சுரங்கத்தை நினைக்கிறார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

படிப்பதற்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. முன்பு ஜாலான் டூத்தா எனப்பட்ட சாலையில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம், ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகம், மலாயாப் பல்கலைக்கழக நூலகம் ஆகிய மூன்றும் தலைநகரிலேயே உள்ளன. காப்பகத்துக்கு அடையாள கார்டோடு போங்கள். பேனாவை விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலிருந்தபடியே தேட, சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய நாளேடுகளும், ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் டிரோவ் தளமும் இலவசமாகக் கிடைக்கின்றன. கம்பெனிக்குக் குவீன்ஸ்லாந்துத் தொடர்பு இருந்ததால், ரவுப்பைப் பற்றிய செய்தியைப் பிரிஸ்பேன் நாளேட்டில் தேடுவது முதலில் வேடிக்கையாகத் தோன்றினாலும், தேடித்தான் பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டல் ஒரு பெரிய தொல்லை. லிப்பிஸ் பக்கத்துத் தங்கச் சுரங்க இடமான பெஞ்சோம் அன்றைய ஆங்கிலத் தாள்களில் புஞ்சோம் என்றே இருக்கும். அந்த ஓர் எழுத்து மாறியதால் ஒரு நாள் முழுவதும் ஒன்றும் அகப்படாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் ரவுப், ரவூப், ரௌப் என மூன்று விதமாகவும் தேடிப் பாருங்கள். தமிழ் நாளேடுகளைப் பொறுத்தவரை, தேடுசொல்லை நம்புவதைவிட நாள்வாரியாகப் புரட்டிப் பார்ப்பதே பலன் தரும்.

அடுத்தது அளவைகள். இதில் சோம்பல்பட்டால் பின்னால் எழுதுவதெல்லாம் கோணலாகும். கம்பெனிக் கணக்குகளில் தங்கம் அவுன்ஸில் வரும்; அது கடைச் சாமான் நிறுக்கும் அவுன்ஸ் அன்று, 31.1 கிராம் கொண்ட டிராய் அவுன்ஸ். அதில் இருபதில் ஒரு பங்கு பென்னிவெயிட், அதாவது ஏறக்குறைய 1.56 கிராம். "டன்னுக்குப் பத்துப் பென்னிவெயிட்" என்று ஓர் அறிக்கையில் கண்டால், 1,016 கிலோ பாறையை வெட்டி, மேலேற்றி, இடித்துத் தூளாக்கிய பிறகு கிடைத்தது ஏறத்தாழ இரண்டு பவுன் என்று பொருள். இப்படி மாற்றிச் சொன்னால்தான் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த உழைப்பின் விலை சட்டென்று விளங்கும். உள்ளூர்க்காரர் கணக்கில் தாஹில் வரும், அது 37.8 கிராம். பதினாறு தாஹில் ஒரு கட்டி, நூறு கட்டி ஒரு பிக்குல், அதாவது அறுபது கிலோவுக்குச் சற்றுமேல். பணத்தைப் பொறுத்தவரை, 1906இல் அன்றைய நாணயமான வெள்ளி (டாலர்) ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. ஒரு பவுண்டுக்கு எட்டரை வெள்ளிக்குச் சற்றுமேல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திவிடாதீர்கள்.

தொழில்முறையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைக்கல் பாறையில் ஊடுருவிக் கிடக்கும் தங்கத்தை எடுக்க, கனத்த இரும்பு உலக்கைகள் வரிசையாக உயர்ந்து விழும் ஆலையில் பாறையை இடிப்பார்கள். அந்தத் தூளை நீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டால் தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுத்துச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும். தகட்டில் தப்பியதைச் சயனைடு கரைத்தெடுக்கும் முறை 1887இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இதெல்லாம் எதற்கு என்றால், முதியவர் ஒருவர் "வெள்ளி பூசின தகடு" என்று சொல்லும்போது அது பாதரசத் தகடாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால், வெள்ளி என்றாலே காசு என்று பொருள்படும் நம் நாட்டில், அதைச் சம்பளப் பட்டுவாடா என்று எழுதிவைத்து விடுவீர்கள்.

தலைநகரிலிருந்து ரவுப் செல்ல இரண்டு வழிகள். காராக் நெடுஞ்சாலையில் பெந்தோங் போய் எட்டாம் எண் சாலையைப் பிடிப்பது விரைவு. கோலகுபு பாரு வழியாக மலையேறி, கேப் கணவாயைக் கடந்து இறங்குவது பழைய வழி. போகும்போது பழைய வழியிலும் திரும்பும்போது புதிய வழியிலும் வருமாறு சொல்வேன். வளைவுக்கு வளைவு காடு நெருங்கி வரும் அந்தச் சாலையில் போனால்தான், சாமான் ஏற்றிய மாட்டுவண்டிக்கு அந்த மலை என்னவாக இருந்திருக்கும் என்று புரியும். 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைக்குச் சென்றுகொண்டிருந்த மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த மலைச்சாலையில்தான். மழைக்காலத்தில் மண்சரிவு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி, பேச்சு. என் அனுபவத்தில் சொல்லக்கூடிய ஒரே உறுதியான விதி, தங்கத்தைப் பற்றி முதலில் கேட்கக்கூடாது என்பதே. என் முதல் பயணத்தில், உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஒரு பெரியவரிடம், "தாத்தா, இங்கே தங்கம் எங்கே எடுத்தார்கள்?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய மகன் உள்ளேயிருந்து வந்து, நான் நிலத் தரகரா என்று மரியாதையாகவே விசாரித்தார். கோப்பி குடித்துவிட்டு எழுந்து வந்ததுதான் மிச்சம். தங்கம் என்ற சொல் வந்தாலே நிலம், பங்கு, புதையல் ஆகிய மூன்றும் கூடவே வந்துவிடுகின்றன. அதோடு, குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். நான் சந்தித்த தமிழர்களின் குடும்பங்கள் கித்தா என்னும் ரப்பர்த் தோட்டத்திலும் சடக்கு (சாலை) வேலையிலும் இருந்தவை. அவர்கள் தங்கத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஆற்றில் தண்ணீர் எந்த நிறத்தில் ஓடியது, விறகு எங்கே கிடைத்தது, யார் வீட்டுக்கு முதலில் விளக்கு வந்தது, சம்பளத்தன்று பட்டணத்தில் எந்தக் கடையில் என்ன வாங்கினார்கள், திருவிழாவுக்கு யார் தண்ணீர்ப்பந்தல் வைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தங்க ஊரின் கதை அங்கேதான் மறைந்து கிடக்கிறது.

தொண்ணூறை நெருங்கிய ஒரு பாட்டியிடம் அப்படித்தான் ஆற்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். துலாங் அலசிய சீனப் பெண்களைச் சிறுவயதில் பார்த்ததாகச் சொன்னார். எப்படி அலசுவார்கள் என்று கேட்டதற்குச் சொல்லால் விளக்க முடியாமல், மருமகளை அழைத்து அரிசி களையும் அகலத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். பின்வாசல் குழாயடியில் கொஞ்சம் மணலைப் போட்டு, நீர் விட்டு, இரு கையாலும் தட்டை முன்னும் பின்னும் ஆட்டி, விளிம்பைச் சாய்த்துச் சாய்த்து மணலை வழியவிட்டார். கடைசியில் தட்டின் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கருமணல் மட்டும் பிறை போல் நின்றது. "நம்ம அரிசி அரிக்கிற மாரிதான் தம்பி. நமக்கு அரிசி போயிரும், கல்லு நிக்கும். அவுங்களுக்கு மண்ணு போயிரும், பொன்னு நிக்கும்" என்றார். கேள்வியால் கிடைக்காதது ஒரு தட்டால் கிடைத்தது. ஆகவே, செய்துகாட்டக்கூடிய எதையும் செய்துகாட்டச் சொல்லுங்கள்; அப்போது குரலை மட்டுமன்றிக் கையையும் படமெடுங்கள்.

ஆண்டைக் கேட்டால் பெரும்பாலும் தவறான ஆண்டே வரும். சப்பான்காரன் வந்தபோதா, அதற்கு முன்பா. கர்னி துரையைச் சுட்டதற்கு முன்பா, பின்பா. மெர்டேக்கா (சுதந்திரம்) கிடைத்தபோது உங்கள் மூத்த பிள்ளை நடந்ததா, தவழ்ந்ததா என்று கேளுங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும். கணக்குத் தானே விழும். தூரமும் அப்படித்தான். "ஆறாங்கட்டை" என்று சொன்னால் ஆறு மைல், ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். ஆனால் எந்த ஊரிலிருந்து எண்ணிய கட்டை என்று கேட்டு எழுதாவிட்டால் வரைபடத்தில் அந்த இடம் கிடைக்காது.

பதிவு செய்யும்போது காற்றாடியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். கைப்பேசியில் இடம் இருக்கிறதா என்று முன்னிரவே பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் பேசவைக்க வேண்டாம். அவசரகாலத்தைப் பற்றிப் பேசும்போது உறவினர் யாராவது காட்டுக்குப் போன கதையோ, காட்டிக்கொடுத்த கதையோ வரக்கூடும். அந்த இடத்தில் பதிவை நிறுத்தவா என்று நீங்களே கேட்டுவிடுவது முறை.

பழைய படங்களை இரவல் வாங்காதீர்கள். நான் ஒரு முறை ஆல்பத்தோடு வாங்கிவந்து தலைநகரில் ஒரு கடையில் படியெடுக்கக் கொடுத்தேன். பசைத்தாளிலிருந்து உரித்ததில் ஒரு கல்யாணப் படத்தின் மாப்பிள்ளைப் பாதி கிழிந்துபோயிற்று. அந்த வீட்டுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோன நாளை இன்னும் மறக்க முடியவில்லை. ஆல்பத்தைச் சன்னல் ஓரத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல், கைப்பேசியிலேயே நேர்மேலிருந்து எடுங்கள். உரிக்காமலே பார்க்க முடிந்தால் பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை அங்கே இருக்கலாம். கோயில்களில் உபயக்காரர் கல்வெட்டு, மணியில் பொறித்த பெயர், பழைய வரவுசெலவு நோட்டு ஆகிய மூன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்), சடக்குக் கங்காணி என்று பெயரோடு பதவியும் எழுதியிருந்தால், கம்பெனித் தாளில் இடம்பெறாத ஒரு சமூகத்தின் பட்டியலே அங்கே கிடைக்கும்.

பழைய சுரங்க வாய்களுக்குள் நுழைய வேண்டாம். லம்பக் குட்டைகளில் (சுரங்கத்தை நம்மவர் லம்பம் என்பார்கள்) இறங்கவும் வேண்டாம். மேலே கெட்டியாகத் தெரியும் சேறு ஆளை விழுங்கும். கழிவுமண்ணில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. டுரியான் தோப்புகளுக்குள் கேட்காமல் போனால் திருட வந்தவர் என்று நினைப்பார்கள். கனிமம் மாநில அரசின் சொத்து என்பதால், ஆசைக்குக்கூட அனுமதியின்றித் துலாங் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரத்துக்குள் பேச்சை எழுத்தாக்கிவிட வேண்டும். இருவர் சொன்னது முரண்பட்டால் சரி எது என்று தீர்ப்பளிக்காமல் இரண்டையும் எழுதி, யார் எந்த வயதில் எங்கிருந்து பார்த்தார் என்பதைக் குறியுங்கள். எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை அவசியம் போங்கள். கண் தெரியாதவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். நான் அந்தப் பாட்டிக்கு வாசித்தபோது, அவர் ஒரே ஓர் இடத்தில்தான் கையமர்த்தினார். "சுரங்கமுன்னு எழுதியிருக்கியே தம்பி, நாங்க யாரு அப்பிடிச் சொன்னோம்? லம்பமுன்னு போடு" என்றார். பன்னிரண்டு இடங்களில் திருத்த வேண்டியிருந்தது. திருத்திய படியொன்றை அவருடைய மகளிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தலைநகருக்குக் கொண்டுவந்தேன்.