டூரிஸ்ட் வர்றாங்க சரி, காசு ஊர்ல தங்குதா? தங்க வைக்க என்ன பண்ணணும்

ஒரு ஊர்ல அருவியோ, பழைய கோட்டையோ, பறவைங்க வந்து போற ஏரியோ இருக்கும், நாலு பேர் வீடியோ போட்டதும் வார கடைசில வண்டி வண்டியா ஆளுங்க வர ஆரம்பிப்பாங்க, இனிமே நம்ம பிள்ளைங்களுக்கு இங்கயே வேலை கிடைச்சிடும்னு ஊரே சந்தோஷப்படும். கொஞ்ச வருஷம் கழிச்சுப் பார்த்தா குப்பை இருக்கும், ட்ராஃபிக் இருக்கும், நிலத்து விலை உள்ளூர்க்காரங்க கைக்கு எட்டாத உயரத்துல இருக்கும், காசு மட்டும் இருக்காது. ஓட்டைப் பானைல எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் நிக்காது இல்லையா, அதான். இதை டூரிஸம் படிச்சவங்க லீக்கேஜ்னு சொல்வாங்க. ஐநாவோட வளர்ச்சி இலக்குகள்ல 8.9ங்கற இலக்கும் இதோட சேர்ந்ததுதான், 2030க்குள்ள வேலையைப் பெருக்கற, உள்ளூர் கலாசாரத்தையும் உள்ளூர் பொருளையும் வளர்க்கற டூரிஸத்துக்குத் திட்டம் போடணும்னு. அரசாங்கம் போடட்டும், ஆனா ஊர்ல இருக்கற நாம பண்ண வேண்டியது நிறைய இருக்கு.

முதல்ல விளம்பரம், லோகோ, இன்ஸ்டாகிராம் பேஜ் எல்லாத்தையும் ஓரமா வைங்க. ஒரு நோட்டை எடுத்து, ஊருக்கு வர்ற ஒரு ஆள் காலைல இறங்கினதுல இருந்து மறுநாள் கிளம்பற வரைக்கும் எதுக்கெல்லாம் காசு எடுக்கறார்னு வரிசையா எழுதுங்க. ரூம், ரூம் புக் பண்ணின ஆப்போட கமிஷன், டாக்ஸி, சாப்பாடு, தண்ணி பாட்டில், கைடு, நுழைவுச் சீட்டு, வாங்கிட்டுப் போற பொருள். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அந்தக் காசு கடைசியா யார் கைக்குப் போகுதுன்னு எழுதுங்க. தண்ணி பாட்டில் உள்ளூர் பெட்டிக்கடைல வித்திருக்கலாம், ஆனா அதுல கடைக்காரருக்கு நிக்கறது கொஞ்சம்தான், பாக்கி வெளிய போயிடுது, காலி பாட்டில் மட்டும் நம்ம ஓடைல கிடக்குது. நினைவுப் பொருள் கடைல இருக்கற பொம்மை எங்கயோ ஃபேக்டரில செஞ்சதா இருக்கும். இந்த லிஸ்ட்டை முடிச்சுட்டாலே எங்க கை வைக்கணும்னு தெரிஞ்சிடும்.

என்னைக் கேட்டா முதல்ல கை வைக்க வேண்டிய இடம் ஹோட்டல் கிச்சன். புதுசா கட்டடம் வேணாம், லோன் வேணாம், ஏற்கனவே தெரிஞ்ச விவசாயம்தான். ஆனா "உள்ளூர்ல வாங்குங்க"ன்னு மனு குடுத்தா எதுவும் நடக்காது, பர்ச்சேஸ் பார்க்கற ஆள் ஏன் வெளிய வாங்கறார்னு போய் கேக்கணும். பெரும்பாலும் அவர் சொல்றது இதுதான்: இன்னிக்கு நாப்பது கிலோ கொண்டு வர்றாங்க, நாளைக்கு ஆளே வர்றதில்ல, சைஸ் ஒண்ணு போல இல்ல, பில் இல்ல. விவசாயிகிட்ட கேட்டா அவர் பக்கமும் நியாயம் இருக்கும், ஹோட்டல் பணம் ரெண்டு மாசம் கழிச்சு வருது, அது வரைக்கும் நான் எதை வெச்சு ஓட்டறதுன்னு கேப்பார். அதனால நடுவுல ஒரு குழு வேணும். ஹோட்டலுக்கு எந்த மாசம் எவ்ளோ வேணும்னு முன்னாடியே வாங்கி வெச்சு, பத்து வீட்டுக்குப் பிரிச்சு விட்டு, ஒரே நாள்ல எல்லாரும் ஒரே காயை அறுக்காம விதைப்பைத் தள்ளித் தள்ளிப் போட வெச்சு, தரம் பிரிச்சு, ஒரே பில்லா குடுக்கணும். குழுகிட்ட கொஞ்சம் சுழல் நிதி இருந்தா விவசாயிக்கு அன்னைக்கே பணம் குடுத்துட்டு ஹோட்டல்கிட்ட பொறுமையா வாங்கிக்கலாம், இந்த ஒரு ஏற்பாடு இல்லாததாலயே நிறைய நல்ல முயற்சி பாதில நின்னு போகுது. கேரளாவுல குமரகத்துல 2008 வாக்குல ஆரம்பிச்ச பொறுப்பு சுற்றுலா திட்டத்துல குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் விவசாயிகளும் இப்படித்தான் ஹோட்டல்களுக்குக் காய்கறி குடுக்க இறங்கினாங்க, அப்புறம் 2017ல அது மாநிலம் பூரா ஒரு மிஷனா ஆச்சு.

அடுத்து வேலை. ரிசார்ட்காரங்க "உள்ளூர்க்காரங்களுக்கு வேலை குடுக்கறோம்"னு சொன்னா என்ன வேலைன்னு கேளுங்க. வாட்ச்மேனும் பாத்ரூம் கழுவறவங்களும் மட்டும் உள்ளூர், ரிசப்ஷன்ல இருந்து மேனேஜர் வரைக்கும் வெளியூர்னா அது பத்தாது. எத்தனை வருஷத்துல உள்ளூர் ஆள் சூப்பர்வைசர் ஆவார், ட்ரெய்னிங் யார் குடுப்பாங்கன்னு எழுத்துல வாங்குங்க. பெண்கள் விஷயத்துல இது இன்னும் முக்கியம், உலக சுற்றுலா அமைப்போட 2019 அறிக்கைப்படி இந்தத் துறைல வேலை பார்க்கறவங்கள்ல 54 சதவீதம் பெண்கள், ஆனா ஆண்களை விட 14.7 சதவீதம் கம்மியா சம்பாதிக்கறாங்க. ஹோம்ஸ்டேல சமைக்கறது, சுத்தம் பண்றது, விருந்தாளியைப் பார்த்துக்கறது எல்லாம் வீட்டம்மாதான், ஆனா பணம் வந்து விழற அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. அவங்க பேர்ல மாத்துங்க, ரொம்ப சின்ன வேலை, வீட்டுக்குள்ள ரொம்பப் பெரிய வித்தியாசம்.

டூரிஸம் வந்ததால யாருக்கு பொழப்பு போகுதோ அவங்களை முதல்ல கூப்பிடணும். கேரளாவுல பெரியாறு புலிகள் காப்பகத்துல வயணா மரப்பட்டையை, அதாவது காட்டு லவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமா உரிச்சு வித்துட்டு இருந்தவங்களை வனத்துறை கைடா மாத்துச்சு, காட்டோட மூலை முடுக்கெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும், இப்ப அதே ஆளுங்க டூரிஸ்ட்டைக் கூட்டிட்டுப் போறாங்க, காட்டையும் காவல் காக்கறாங்க. மீன் பிடிக்கறவங்க, ஆடு மாடு மேய்க்கறவங்க, தள்ளுவண்டி போடறவங்க, இவங்களை "அழகைக் கெடுக்கறாங்க"ன்னு அப்புறப்படுத்திட்டு செய்யற எதையும் எல்லாருக்குமான வளர்ச்சின்னு சொல்ல என்னால முடியாது.

சம்பளத்தை விட பெரிய விஷயம் சொந்தம். மாலத்தீவுல ரொம்ப வருஷமா டூரிஸம்னா ஆள் குடியிருக்காத தீவுல ரிசார்ட் மட்டும்தான், 2009ல ஜனங்க வாழற தீவுகள்லயும் கெஸ்ட்ஹவுஸ் நடத்தலாம்னு ஆனதும் சாதாரண குடும்பங்களும் தொழில்ல இறங்க முடிஞ்சுது. நமீபியாவுல 1996ல வந்த சட்டத்தால ஊர்மக்கள் சேர்ந்து தங்களோட நிலத்துல இருக்கற வனவிலங்குகள் மேல உரிமை வாங்கி, லாட்ஜ் கம்பெனிகளோட நேரடியா ஒப்பந்தம் போடறாங்க. நீங்களும் யாரோடயாவது ஒப்பந்தம் போடறதா இருந்தா நிலத்தை விக்காதீங்க, குத்தகைக்கு விடுங்க, பங்கு கேக்கும்போது லாபத்துல கேக்காதீங்க, மொத்த வருமானத்துல கேளுங்க. லாபத்தைக் கணக்குல எப்படி வேணா குறைச்சுக் காட்டலாம், ரூம் வாடகைல வந்த காசை அவ்ளோ சுலபமா மறைக்க முடியாது. ஆள் வந்தாலும் வராட்டியும் இவ்ளோன்னு ஒரு குறைந்தபட்சத் தொகையும் சேர்த்துப் போடுங்க.

ஊர்ப் பொதுவுக்குன்னு ஒரு நிதி வேணும், ஏன்னா எல்லா வீட்டுலயும் ரூம் விட முடியாது, ஆனா கூட்டமும் சத்தமும் எல்லாருக்கும்தான். ருவாண்டாவுல தேசியப் பூங்கா வருமானத்துல 5 சதவீதம் சுத்தி இருக்கற ஊர்களுக்குன்னு 2005ல ஆரம்பிச்சு, 2017ல 10 ஆக்கினாங்க. ஹோம்ஸ்டே நிறைய இருந்தா சுழற்சி முறை வைங்க, இல்லன்னா ரோட்டோரத்துல இருக்கற வசதியான ரெண்டு வீடுதான் எல்லா புக்கிங்கையும் எடுக்கும். விதி எல்லாத்தையும் பணம் வர்றதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, வந்த பிறகு எழுத உட்கார்ந்தா சண்டைலதான் முடியும்.

எத்தனை பேர் வரலாம்ங்கறதை வறண்ட மாசத்துத் தண்ணியை வெச்சு முடிவு பண்ணுங்க. கிணத்துல ஊர்க்காரங்களுக்குப் போக மீதி எவ்ளோ, அவ்ளோ படுக்கை, அதுக்கு மேல ஒண்ணு கூட வேணாம். தாய்லாந்துல 'மாயா பே'ங்கற கடற்கரையைக் கூட்டம் தாங்காம 2018ல மூடி 2022லதான் திறந்தாங்க, பிலிப்பைன்ஸ்ல போராகே தீவை அதே 2018ல ஆறு மாசம் மூடினாங்க, கழிவுநீர் கடலுக்குள்ள போனதால. மூடினா முதல்ல அடி வாங்கறது தினக்கூலி ஆளுங்கதான். பூட்டான் மாதிரி கட்டணம் வெச்சு கட்டுப்படுத்தற வழியும் இருக்கு, ஆனா அங்கயே 2022ல ராத்திரிக்கு 200 டாலர்னு வெச்சதை மறு வருஷம் 100 ஆக்க வேண்டி வந்துச்சு, அதனால கட்டணத்தை மட்டும் நம்பி இறங்காதீங்க.

இயற்கையைக் கெடுக்காம நடத்தறோம்னு வாங்கற பசுமைச் சான்றிதழ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், சின்ன ஊருக்கு அது ஆரம்பத்துல செலவுதான்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், இருக்கற தொழிலை விட்டுட்டு இதுல குதிக்காதீங்க. 2020ல கொரோனா வந்தப்ப உலகத்துல வெளிநாட்டுப் பயணம் கிட்டத்தட்ட நாலுல மூணு பங்கு விழுந்துச்சு, வயலும் படகும் கையில இருந்தவங்க தப்பிச்சாங்க, எல்லாத்தையும் வித்து ரூம் கட்டினவங்க கடன்ல மாட்டினாங்க. டூரிஸம் கூடுதல் வருமானமா இருக்கட்டும். சீசன் இல்லாத மாசத்துல என்ன பண்றதுங்கறதையும் இப்பவே யோசிங்க, பாதை சரி பண்றது, கைடுகளுக்குப் பயிற்சி, பொதுநிதில இருந்து அதுக்குக் கூலி.

கணக்குன்னு பார்க்கும்போது எத்தனை பேர் வந்தாங்கங்கறதை எண்ணாதீங்க. எத்தனை ராத்திரி தங்கினாங்க, எத்தனை உள்ளூர் வீட்டுக்குப் பணம் போச்சு, அதுல பெண்கள் எத்தனை பேர், நிலமே இல்லாத வீடு எத்தனை, குப்பை எவ்ளோ. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இதை ஒரு போர்டுல எழுதி எல்லாரும் நடமாடற இடத்துல மாட்டுங்க, அன்னைக்கே கூட்டமும் போடுங்க, சமையல் பண்றவங்களும் வரமுடியற நேரமா பார்த்து வைங்க.