பிரிட்டனில் சிறிய ஹார்ஸ்பாக்ஸ் வாங்க நினைக்கும் புதியவர்களுக்கு

பிரிட்டனுக்குக் குடிவந்து, வேலையும் வீடும் ஓரளவு நிலைபெற்ற பிறகு, பிள்ளைகளின் ஆர்வத்தாலோ தம் விருப்பத்தாலோ குதிரை வாங்கி, கட்டணத்துக்குக் குதிரைகளைப் பராமரிக்கும் லிவரி யார்டில் விட்டு வளர்க்கும் தமிழர்கள் மிகச் சிலரே, ஆயினும் இருக்கிறார்கள். பயிற்சிக்கும் போட்டிக்கும் கால்நடை மருத்துவரிடமும் குதிரையைக் கொண்டுசெல்ல ஒவ்வொரு முறையும் பிறரிடம் வண்டி கேட்டு நிற்பது விரைவில் சலித்துவிடும். அப்போதுதான் சொந்தமாக ஒரு சிறிய ஹார்ஸ்பாக்ஸ், அதாவது ஓட்டுநர் அறைக்குப் பின்னால் குதிரை நிற்கும் அறை கட்டப்பட்ட வேன், வாங்கும் எண்ணம் வரும். வந்ததும் விளம்பரங்களில் நிறத்தையும் விலையையும் ஒப்பிடத் தொடங்குவோம். ஆனால் இந்த வண்டியைப் பொறுத்தவரை எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது எடை ஒன்றே. உரிமம், காப்பீடு, குதிரையின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அதைச் சார்ந்தே இருக்கின்றன.

முதலில் உரிமம். இந்தியாவிலோ இலங்கையிலோ பெற்ற ஓட்டுநர் உரிமத்தை இங்குள்ள உரிமமாக மாற்றிக்கொள்ள முடியாது. சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் உரிமம் வைத்திருப்போருக்கு மட்டும் அந்த வழி உண்டு. மற்றவர்கள் இங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை பழைய உரிமத்தைக் கொண்டு சிறிய வண்டிகளை ஓட்டலாம். அதற்குள் தற்காலிக உரிமம் வாங்கி, தியரி தேர்விலும் சாலைத் தேர்விலும் தேறிவிடுவது நல்லது. அப்படிக் கிடைக்கும் சாதாரண கார் உரிமம், சுமையோடு சேர்த்து 3,500 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்ட அனுமதிக்கிறது. இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்கள் அதே உரிமத்தில் 7.5 டன் வண்டி வரை ஓட்டலாம் என்பதால், வயதில் மூத்த விற்பனையாளர் ஒருவர் தம் பெரிய லாரியைக் காட்டி, "இதற்குக் கார் லைசென்ஸ் போதும்" என்று மனமறிந்த பொய் ஏதுமின்றியே சொல்லக்கூடும். அவருக்கு அது போதும், நமக்குப் போதாது. நமக்கு அதற்குச் சி1 என்னும் தனிப் பிரிவும், அதற்கான மருத்துவப் பரிசோதனையும், தேர்வுகளும் வேண்டும். ஆகவே அந்தத் தேர்வுகளை எழுதும் எண்ணம் இல்லாதவர்கள் 3.5 டன் வண்டிகளை மட்டுமே பார்க்கலாம்.

இனி அந்த 3.5 டன் என்பதற்குள் என்ன அடங்குகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான விளம்பரங்களில் "இரண்டு குதிரைகளுக்கான வண்டி" என்று எழுதியிருக்கும். இரண்டு குதிரைகள் நிற்க இடம் இருக்கிறது என்பதே அதன் பொருள். இரண்டு குதிரைகளின் எடையை வண்டி சட்டப்படி சுமக்கலாம் என்பது அதில் இல்லை. ஒரு வண்டியின் வெற்று எடை 2,450 கிலோ என்று கொள்வோம். 3,500-இல் அதைக் கழித்தால் 1,050 கிலோ மிஞ்சும். ஓட்டுநரும் உடன் வருபவரும் 150 கிலோ, நிறைந்த டீசல் டாங்க் 70 கிலோ, சேணமும் கடிவாளமும் மற்ற சாமான்களும் 60 கிலோ, தண்ணீர் 25 கிலோ, வைக்கோல் வலை 20 கிலோ என்று கழித்துக்கொண்டே வந்தால், குதிரைக்கென்று நிற்பது 725 கிலோ. 16 கை (ஒரு கை என்பது 4 அங்குலம்) உயரமுள்ள, வார்ம்பிளட் என்னும் பெரிய இனக் குதிரையே 600 கிலோ இருக்கும். ஆகவே இந்த வண்டியில் ஒரு பெரிய குதிரை போகலாம், அல்லது இரண்டு சிறிய போனிகள் போகலாம். இரண்டு பெரிய குதிரைகள் போகவே முடியாது.

விற்பவர் சொல்லும் வெற்று எடையை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். உபரிச் சக்கரம், ரப்பர் விரிப்புகள், பின்னாளில் சேர்த்த அலமாரிகள் ஆகியவற்றை விட்டுவிட்டுச் சொல்லப்படும் எண்கள் உண்டு. எடைமேடையில் நிறுத்தி எடுத்த சீட்டைக் கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் செலவிலேயே பொது எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மறுப்பவரிடம் பேச்சை நீட்டிக்க வேண்டியதில்லை. மொத்த எடையைப் போலவே முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்புகள் வண்டியின் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சில் மட்டும் பாரம் மீறுவது இந்த வகை வண்டிகளில் நடக்கக்கூடியதே. சாலையில் நிறுத்திச் சோதிக்கும் டி.வி.எஸ்.ஏ. என்னும் அரசு வாகனச் சோதனை அமைப்பின் அதிகாரிகள் பாரமீறலின் அளவுக்கேற்ப 100 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தைக் கட்டிவிடலாம், ஆனால் பாரத்தைக் குறைக்கும் வரை வண்டி நகரக்கூடாது என்று தடை விதித்துவிட்டால், சாலையோரத்தில் குதிரையை வைத்துக்கொண்டு இன்னொரு வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

எடைக்கு அடுத்தபடி தரை. குதிரையின் சிறுநீர் ரப்பர் விரிப்பின் ஓரங்களில் இறங்கி, அடியில் தேங்கி, பலகையை ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கும். மேலே பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தெரியும். விரிப்பைத் தூக்கச் சொல்லி, சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும், குதிரையின் பின்னங்கால்கள் நிற்கும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை நுனியைத் தடுத்து நிறுத்தும். உளுத்தது வெண்ணெய் போல உள்ளே விடும். அலுமினியத் தரை அழுகாது என்று சொல்வார்கள், அழுகாவிட்டாலும் அரிக்கும். பலகைகள் எஃகுச் சட்டத்தின் மேல் அமரும் இடங்களில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலும் படுத்துப் பார்க்க வேண்டும். விரிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது, தூக்க முடியாது என்றால், அடியிலிருந்து முழுத் தரையையும் பார்க்க முடிந்தாலொழிய அந்த வண்டி வேண்டாம் என்பதே என் கருத்து. எம்.ஓ.டி. என்னும் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையின் சான்றிதழ் இருக்கிறதே என்று சமாதானம் அடையாதீர்கள். விரிப்பைத் தூக்கிக் குதிரை நிற்கும் பலகையைச் சோதிப்பது அந்தச் சோதனையின் வேலை அன்று.

ஏற்றும் சரிவுப் பலகையை ஒருவரே தனியாகத் தூக்கி மூட முடிகிறதா என்று நீங்களே செய்து பாருங்கள். பதின்வயதுப் பெண் ஒருத்தி குதிரையோடு தனியாகப் போகும் நாள் வரும். இந்தச் சிறிய வண்டிகளில் பெரும்பாலும் பக்கவாட்டில் ஏற்றி, குதிரையைப் பின்னோக்கி நிறுத்துவார்கள். மார்புக் கம்பியை அவசரத்தில் உடனே விடுவிக்க முடிய வேண்டும். தடுப்புப் பலகைகளின் விளிம்புகளில் கையை ஓட்டிப் பார்த்து, கூர்மை ஏதுமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேனைப் பொறுத்தவரை பெரும்பாலானவை ரெனோ மாஸ்டர், பெஜோ பாக்ஸர் போன்றவற்றின் மேல் கட்டப்பட்டவையே. எந்தக் கராஜிலும் பழுது பார்க்கலாம். பதிவெண்ணைக் கொடுத்தால் பழைய எம்.ஓ.டி. முடிவுகள் எல்லாம் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். துருவைப் பற்றிய குறிப்பு ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். குறைந்த மைல் ஓடிய வண்டி என்று மகிழ்வதற்கு முன், அது வயலோரத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியாக இருக்கலாம் என்பதையும் நினைக்க வேண்டும். பிரேக் இறுகும், டயர் தேயாமலே முதிரும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் 2316 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. லண்டனுக்குள் இருப்பவர்கள், 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா லண்டன் பரோக்களுக்கும் விரிந்துள்ள யூலெஸ் என்னும் புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தில், யூரோ 6 என்னும் புகைத் தரத்தை எட்டாத டீசல் வேனுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ட்ரெய்லர் மலிவாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். 2021 டிசம்பர் 16 முதல் கார் உரிமத்தோடு 3,500 கிலோ வரையுள்ள ட்ரெய்லரை இழுக்கத் தனித் தேர்வு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை இழுக்கும் வலிமையுள்ள கார் வேண்டும். குறுகிய கிராமச் சாலையில் அதைப் பின்னோக்கி ஓட்டும் பழக்கமும் வேண்டும்.

பணம் கொடுக்கும் முன், வி5சி என்னும் வாகனப் பதிவு ஆவணத்திலுள்ள எண் வண்டியின் சேஸிஸ் எண்ணோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். அந்த ஆவணம் பதிவுபெற்ற பொறுப்பாளரைக் காட்டுமே தவிர உரிமையாளரைக் காட்டாது. ஆகவே வண்டியின் மேல் கடன் நிலுவை உள்ளதா என்று கட்டணம் கட்டித் தேடிப் பார்ப்பது வீண் செலவாகாது. வணிகரிடம் வாங்கினால், 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும்போதே குறைபாடு இருந்த வண்டியை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். தனியாரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி உங்களுக்கு வந்து சேராது. ஓட்டிப் புறப்படும் முன்பே நீங்கள் புதிதாகக் கட்ட வேண்டும், காப்பீடும் அந்நேரமே நடைமுறையில் இருக்க வேண்டும்.

காப்பீடு எடுக்கும்போது பிரிட்டன் உரிமம் எப்போது கிடைத்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வழியில் வண்டி நின்றால் உதவும் சேவையைத் தனியாக எடுக்கும்போது, குதிரையையும் சேர்த்து ஏற்றிச்செல்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சாதாரணச் சேவைகள் பல வண்டியை மட்டுமே இழுத்துச் செல்லும். குதிரையின் பாஸ்போர்ட் பயணத்தில் உடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். லிவரி யார்டிலுள்ள மற்றவர்கள் தங்கள் குதிரையையும் ஏற்றிச்செல்லச் சொல்லிப் பணம் நீட்டினால் வாங்காதீர்கள். சம்பாத்தியத்திற்காக 65 கிலோமீட்டருக்கு மேல் குதிரை ஏற்றிச்செல்வதற்குத் தனி அனுமதி வேண்டும், சொந்தப் பயன்பாட்டுக்கென எடுத்த காப்பீடும் அதற்குச் செல்லாது.