லடாக் போகும் யாழ்ப்பாணக் குடும்பங்கள் விடும் பிழைகள்

ஓகஸ்ற் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு எங்கே போகலாம் என்று கேட்டால் நுவரெலியா, எல்ல என்று பதில் வந்த காலம் போய், இப்போது லடாக் என்று வருகிறது. பலாலியில் ஏறினால் சென்னை, அங்கிருந்து டில்லி, அடுத்த நாள் விடிய லடாக்கின் லே நகரம். கேட்க இலேசாகத்தான் இருக்கிறது. ஆனால் பயணத் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களிடம் திரும்பத் திரும்ப அதே பிழைகளைத்தான் காண்கிறோம். அவற்றில் பாதி நாங்களும் ஒரு காலத்தில் விட்டவைதான். குளிர் உடுப்பை மறப்பது, கடவுச்சீட்டின் காலாவதியைப் பார்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை.

நுவரெலியாவை அளவுகோலாக எடுப்பது

"போன வருசம் நுவரெலியாவில ஒரு கிழமை நிண்டனாங்கள், பிள்ளைக்கு ஒண்டும் செய்யேல்லை." இந்தப் பேச்சில் பிழை எங்கே இருக்கிறதென்றால், நுவரெலியா 1,868 மீட்டர்தான். இலங்கையின் மிக உயர்ந்த இடமான பிதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர். உயரத்தில் ஒட்சிசன் போதாமல் வருகிற மலைநோய் பொதுவாகத் தொடங்குவது 2,500 மீட்டருக்கு மேல். லே நகரமோ ஏறக்குறைய 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஒட்சிசன் அதே 21 வீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு. பிள்ளை இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது அவ்வளவுதான். ஆகவே நாட்டுக்குள் ஒத்திகை பார்க்க இடமே இல்லை.

சுவிஸில் சித்தப்பா வீட்டுக்குப் போனவர்கள் யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்தைச் சொல்லுவார்கள். 3,454 மீட்டர், உண்மைதான். ஆனால் அங்கே இரண்டு மணித்தியாலம் நின்று படம் எடுத்துவிட்டு, பின்னேரமே ரயிலில் இறங்கிப் படுக்கிறார்கள். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் படுத்தோம் என்பதே முக்கியம்.

இரண்டாம் இரவைப் பாங்கொங்கில் போடுவது

இதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். எத்தனை தரம் சொன்னாலும் மாறாத பிழை, காசையும் கூடத் தின்கிற பிழை.

"நாலு இரவு, ஐந்து நாள்" என்று ஒரு பொதி விற்கிறார்கள். முதல் நாள் லே, இரண்டாம் நாள் கர்துங் லா கணவாய் ஏறி நுப்ராப் பள்ளத்தாக்கு, மூன்றாம் நாள் பாங்கொங் ஏரிக்கரைக் கூடாரம், நாலாம் நாள் லே, ஐந்தாம் நாள் விமானம். இன்னும் அவசரமான பொதியில் பாங்கொங் இரண்டாம் இரவுக்கே வந்துவிடும். எங்கள் ஆட்கள் இதை விரும்பி எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஓகஸ்ற் விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. தேருக்கு ஊரில் நிற்க வேண்டும். அப்பா வேலையில் எடுக்கக்கூடிய லீவு ஒன்பது நாள். போக வர நாலு நாள் போனால் மிச்சம் ஐந்து. பொதி அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிடுகிறது.

உடம்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது. டில்லி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 216 மீட்டர், லே விமானநிலையம் 3,256 மீட்டர். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மூன்று கிலோமீட்டர் ஏறிவிடுகிறோம். இறங்கியவுடன் பிள்ளைகள் துள்ளி ஓடுவார்கள், எல்லாம் நல்லாயிருக்கும். சாதாரண மலைநோயின் தலையிடியும் சத்தியும் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்தே வரும். அதாவது முதல் நாள் பின்னேரம், இரவு. நுரையீரலில் நீர் கோர்க்கும் ஆபத்தான வகை இன்னும் பிந்தி, இரண்டாம் இரவிலிருந்து நாலாம் இரவுக்குள் வருவதுதான் வழமை. பொதி உங்களை ஏரிக்கரையில் படுக்க வைக்கிற இரவும் அதுதான்.

பாங்கொங் 4,200 மீட்டருக்கு மேலே. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நாலு நாளைக்கு ஒரு தரம் ஏறாமல் நிற்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்தப் பொதி அதை ஒரே இரவில் மீறுகிறது.

இதைவிட மோசமான ஒன்றை வரைபடத்தை விரித்துப் பார்த்தால்தான் விளங்கும். மலைநோய் முற்றினால் முதல் மருந்து இறங்குவதுதான். 300 மீட்டர் இறங்கினாலே பலருக்கு மாற்றம் தெரியும். ஆனால் பாங்கொங்கிலிருந்து லேக்கு வரும் வழியில் சாங் லா என்ற கணவாய் இருக்கிறது, 5,300 மீட்டருக்கு மேல். மூச்சிரைக்கிற பிள்ளையை இறக்குவதற்கு முதலில் இன்னும் ஆயிரம் மீட்டர் ஏற்ற வேண்டும். அதுவும் நடுச்சாமத்தில், ஐந்து மணித்தியால ஓட்டம். நுப்ராவிலும் இதே கதைதான், நடுவில் கர்துங் லா. (நெடுங்காலம் அங்கே நின்ற பலகை 18,380 அடி என்று சொன்னது. உண்மையில் 5,359 மீட்டர், 17,582 அடி. பிள்ளையின் நுரையீரலுக்கு அதுவே போதும்.) ஆனாலும் நுப்ராவில் ஒரு வித்தியாசம் உண்டு. டிஸ்கிட், ஹுண்டர் ஊர்கள் 3,100 மீட்டர் அளவில், லேயைவிடத் தாழ்ந்தவை. கணவாயைக் கடந்தாலும் படுப்பது கீழே. டிஸ்கிட்டில் மருத்துவமனையும் இருக்கிறது.

சரியான ஒழுங்கு இப்படி இருக்கும். முதல் இரண்டு நாளும் லேயில் ஒன்றும் செய்யாமல் இருப்பது. விடுதி முற்றம், சந்தை வரை மெதுவான நடை, அவ்வளவுதான். சாந்தி ஸ்தூபிக்குப் படிக்கட்டால் ஏறுவதில்லை, வாகனத்தில் போவது. மூன்றாம் நாள் சிந்து நதியோரம் சே, திக்சே மடாலயங்கள், அல்லது நிம்முவில் சிந்துவும் சன்ஸ்காரும் சேருகிற இடம். நாலாம் நாள் எல்லாரும் சுகமென்றால் நுப்ரா, கர்துங் லாவில் கால் மணித்தியாலத்துக்கு மேல் நிற்காமல். அங்கே இரண்டு இரவு. மணற்காட்டு மணல்மேட்டில் சறுக்கிப் பழகிய பிள்ளைக்கு ஹுண்டர் மணலும் இரட்டைத் திமில் ஒட்டகமும் போதும். பாங்கொங்கின் நீலம் பெரியாட்களின் ஆசை. ஆறாம் நாள் லேக்குத் திரும்பி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் ஏழாம் நாள் பாங்கொங் போய் அன்றே திரும்பலாம். போக ஐந்து, வர ஐந்து மணித்தியாலம் என்பதையும் யோசியுங்கள்.

கைக்குழந்தையோ, தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத வயதுப் பிள்ளையோ இருந்தால் இந்தப் பயணத்தையே இரண்டு வருசம் தள்ளிப் போடுவது நல்லது. இன்னும் கவனமாக இருக்க விரும்புகிறவர்கள் லே விமானநிலையத்திலிருந்து நேரே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தள்ளி அல்ச்சிக்குப் போய் முதல் இரவுகளைக் கழிக்கலாம். அது லேயைவிட 400 மீட்டர் அளவில் தாழ்வு.

காசுப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. ஏரிக்கரைக் கூடாரத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள், திருப்பித் தருவதில்லை. லேயில் பிள்ளை சத்தி எடுத்துப் படுத்திருக்கும்போது, "இவ்வளவு காசு குடுத்திட்டம், கொஞ்சம் சமாளிச்சால் போயிடலாம்" என்று தகப்பன் சொல்லுவார். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதும் அந்தக் காசுதான். ஆகவே லேக்கு வெளியே உள்ள இரவுகளுக்கு முற்பணம் கட்டாதீர்கள், அல்லது திகதி மாற்றலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். பயணக் காப்புறுதியிலும் உயர வரம்பு இருக்கிறதா, ஹெலிகொப்டர் செலவு அடங்குமா என்ற இரண்டு வரியையும் தேடி வாசியுங்கள்.

"தலையிடிக்குதோ?" என்று கேட்டுவிட்டு இருப்பது

ஆறு வயதுப் பிள்ளை "இல்லை" என்றுதான் சொல்லும், ஒட்டகம் பார்க்க வேண்டுமே. கேட்பதை விட்டுப் பாருங்கள். விருப்பமான பிஸ்கட்டைத் தள்ளிவிடுகிறதா? விளையாட்டுச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறதா? காரணமில்லாமல் சிணுங்குகிறதா? கண்ணூறு, பசி, வாகனச் சத்தி என்று பெயர் வைக்காமல், உயரத்தில் வருகிற சுகயீனம் எதுவும் மலைநோய்தான், வேறு காரணம் உறுதியாகும் வரை. வளைவு றோட்டில் வருகிற சத்தி, வாகனத்தை நிற்பாட்டிக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மலைநோய் அடங்காது.

இன்னொரு சோதனை: விடுதித் தரையில் மாபிள் பொருத்துக் கோடு ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஒரு காலின் விரல் நுனியை மற்றக் காலின் குதி தொடும்படி ஒன்றன் முன் ஒன்றாக வைத்து பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். ஊரிலேயே இதை விளையாட்டாகப் பழக்கிவிட வேண்டும். லேயில் பிள்ளை கோட்டைவிட்டுத் தள்ளாடினால் அது மூளை வீக்கத்தின் அறிகுறி, காத்திருக்க நேரமில்லை. அதேபோலப் பிள்ளை நித்திரையில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு எடுக்கிறது என்று வீட்டில் மூன்று இரவு எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே இரைப்பும் இருமலும் வந்தால் ஒட்சிசன், வைத்தியசாலை, கீழிறக்கம். லேயில் உள்ள எஸ்.என்.எம். வைத்தியசாலைக்கு இந்த நோய் அன்றாடம் பார்ப்பது.

பெரியாட்களின் குளிசையை உடைத்துக் கொடுப்பது

மலைநோயைத் தடுக்கப் போடுகிற அசெற்றசோலமைட் 250 மில்லிகிராம் குளிசை. பிள்ளைக்குத் தடுப்பு அளவு உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு வேளைக்கு 125-க்கு மேல் போகாமல், ஏறுவதற்கு முதல் நாளே தொடங்கி. இருபது கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50, அதாவது குளிசையில் ஐந்தில் ஒன்று. கறிக்கத்தியால் அதை வெட்ட ஏலாது. பிள்ளை வைத்தியரிடம் காட்டி, சல்பா ஒவ்வாமையையும் சொல்லி, மருந்தகத்தில் பொட்டலமாகவோ பாணியாகவோ செய்து வாங்குங்கள். விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். இந்தக் குளிசை போட்டால் நேரே பாங்கொங் போகலாம் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வாகனம் பிடிக்காதீர்கள்.

தடிமனோடு ஏற்றுவது

மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கு நுரையீரலில் நீர் கோர்க்கும் வாய்ப்புக் கூட. பிறப்பிலேயே இருதயக் குறை உள்ள பிள்ளைக்கு இன்னும் கூட. திகதியை மாற்றுங்கள். நித்திரை வரப்பண்ணும் தடிமன் பாணி கொடுத்து மூடி மறைப்பது எல்லாவற்றிலும் மோசம்.

ஒக்சிமீற்றர்

விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கிற இந்தக் கருவி, குளிர்ந்த விரலிலும் மருதோன்றி விரலிலும் பிழை காட்டக்கூடும். எண்ணைவிட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

வந்த அன்றே முழுகுவது

வேண்டாம். ஒரு நாள் முழுகாவிட்டால் ஒன்றும் ஆகாது.

சோறு வேகவில்லை என்று சண்டை பிடிப்பது

லேயில் தண்ணீர் ஏறக்குறைய 88 பாகையிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் அரிசி நடுவில் குருணையாகவே நிற்கும். மாக்கொண்டு போகிறவர்கள் புட்டுக்கும் கூட நேரம் கொடுக்க வேண்டும். குடிநீரைக் கொதிக்கத் தொடங்கிய பிறகும் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். மிக்சர் பக்கெற் பலூன் மாதிரி ஊதியிருக்கும், பிள்ளையின் முகத்துக்கு முன்னால் பிரிக்காதீர்கள்.

சென்னையில் வாங்கிய பிறீபெயிட் சிம்

அங்கே வேலை செய்யாது.

அனுமதிச்சீட்டைக் கடைசியில் யோசிப்பது

சென்னையில் மாமா வீடு இருந்தாலும் எங்களுடையது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. நுப்ராவுக்கும் பாங்கொங்குக்கும் வெளிநாட்டவருக்கான அனுமதி பதிவுபெற்ற முகவர் மூலம்தான் எடுக்க முடியும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. லேயில் ஓய்வெடுக்கிற இரண்டு நாள் இதற்கும் உதவும், ஆனால் எந்த ஆவணம் வேண்டும் என்று புறப்படுவதற்கு முன்னரே கேட்டு வையுங்கள்.

தேருக்கு முதல்நாள் பலாலியில் இறங்குவதாகப் போடுவது

காற்றும் முகிலும் சரியில்லையென்றால் லே விமானம் பறக்காது. காலை விமானம் நின்றால் பெரும்பாலும் அடுத்த நாள்தான். டில்லியில் ஓர் இரவும் சென்னையில் ஓர் இரவும் மிச்சம் வையுங்கள். விடுமுறை நாள் அதற்குப் போதவில்லையென்றால் நுப்ராவை வெட்டுங்கள், லேயின் முதல் இரண்டு நாளில் கை வைக்காதீர்கள்.